கதையைப் போடாதீர்கள், காசிமேட்டைப் போடுங்கள்

கதை எழுதுகிறவர் வலைப்பூ வைத்துக்கொள்ள வேண்டுமா? வடசென்னையை எழுதுகிறவர் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். ஆனால் அதில் கதையைப் போடக் கூடாது. ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் பக்கமிருந்து புதிதாக எழுத வருகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முடித்த அன்றே கதையை ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கதைக்காக அலைந்து சேர்த்த விவரமெல்லாம் நோட்டுக்குள்ளேயே கிடந்து வீணாகிறது.

இதழ்களும் போட்டிகளும் பொதுவாகக் கேட்பது 'வேறெங்கும் வெளிவராத படைப்பு'. சொந்த வலைப்பூவில் வந்தாலும், முகநூலில் முழுதாகப் போட்டாலும் அது வெளிவந்ததுதான். அனுப்பும் முன் நீக்கிவிட்டால் சரியாகிவிடாது. அதற்குள் யாராவது வாட்ஸ்அப்பில் நகலெடுத்து அனுப்பியிருப்பார்கள். முதல் வரியைத் தேடினாலே எங்கேயாவது அகப்படும். இதழில் வந்து, அதற்கடுத்த இதழும் வெளியான பிறகு போடுங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதவரை உரிமை மாறாது. அப்படிக் கொடுத்த தாளில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். கையெழுத்துக்கு முன் 'மின்னூல்', 'இணைய வெளியீடு' என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். அந்த உரிமையையும் கொடுத்துவிட்டால் உங்கள் வலைப்பூவிலேயே கதையைப் போட முடியாமல் போகலாம்.

ஜெயமோகனின் வெண்முரசு இணையத்திலேயே தொடராக வந்ததே என்று கேட்பார்கள். 2014-ல் தொடங்கி 2020-ல் முடிந்த, 26 நாவல்கள் கொண்ட அந்தத் தொடர் வந்தபோது அவருக்குப் பல ஆண்டு வாசகர்கள் இருந்தார்கள், தினமும் எழுதும் பழக்கம் இருந்தது. முதல் தொகுப்பே வராதவர் அப்படி இறங்கினால், மூன்றாம் அத்தியாயத்துக்கு வரும் பாராட்டு நான்காவதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

சரி, எதைப் போடுவது? கதைக்கு அடியில் இருக்கும் விவரத்தைப் போடுங்கள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நடக்கும் கதை என்றால் மீன்பிடித் தடைக்காலம் வராமல் இருக்காது. இப்போது அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2017-க்கு முன் 45 நாள்தான், மே 29-ல் முடிந்துவிடும். 2010-ல் நடக்கும் கதையில் ஜூன் முதல் வாரம் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தால், மீனவக் குடும்பத்து வாசகர் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார். மெட்ரோவும் இப்படித்தான். வண்ணாரப்பேட்டைக்கு வந்தது 2019 பிப்ரவரி, விம்கோ நகர் வரை நீண்டது 2021 பிப்ரவரி. 2020-ல் திருவொற்றியூர்ப் பெண் வீட்டுப் பக்கத்திலேயே மெட்ரோ ஏறிவிட முடியாது. இப்படி ஒவ்வொரு விவரத்தையும் ஆண்டோடு எழுதி வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. கரையில், வலையில், படகின் அடியில் அது எப்படி ஒட்டியிருந்தது என்று அந்த வாரமே எழுதியவரிடம் இருக்கும் விவரம் பிற்பாடு யாருக்கும் கிடைக்காது.

பதிவின் கடைசியில் கேள்வி கேளுங்கள். அது சின்னதாக, பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மூடிப்போன பின்னி துணி ஆலையைப் பற்றி, 'பின்னி மில் நினைவுகளைப் பகிருங்கள்' என்றால் 'அருமையான பதிவு' என்று பதில் வரும், அவ்வளவுதான். 'ராத்திரி ஷிப்டு எத்தனை மணிக்கு மாறும்? சங்கு ஓட்டேரி வரை கேட்குமா? சாப்பாட்டுத் தூக்கை எங்கே வைப்பார்கள்?' என்று கேட்டால், அங்கே அப்பா வேலை பார்த்த ஒருவர் நாலு பத்தி எழுதுவார். ஒருவர் சொன்னதை அப்படியே கதையில் ஏற்ற வேண்டாம். சம்பந்தமில்லாத இன்னொருவரும் அதையே சொல்லட்டும். யாராவது திருத்தினால் பதிவைச் சத்தமில்லாமல் மாற்றாமல், கீழே தேதியோடு திருத்தம் போடுங்கள். அடுத்த முறை அவரே இன்னும் நாலு பேரைக் கூட்டிவருவார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படும் பலன் வேறு. சேர்த்த விவரத்தை எங்காவது கொட்டிவிட வேண்டும் என்ற அரிப்பு எழுதுகிற எல்லோருக்கும் உண்டு. கொட்ட இடமில்லாவிட்டால் அது கதைக்குள் இறங்கும். ராயபுரம் ஸ்டேஷனில் காதலனுக்காகக் காத்திருக்கும் பெண், அது 1856-ல் திறக்கப்பட்டது என்று நினைத்துக்கொள்வாள். அதைப் பதிவில் எழுதிவிட்டுக் கதையில் அந்த வரியை அடித்துப் பாருங்கள். அது இல்லாமலும் கதை தாக்குப்பிடித்தால் அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். பதிவின் விளக்குகிற நடை கதைக்குத் தொற்றும் என்பதும் உண்மை. அதனால் காலையில் கதை எழுதுகிறவர் பதிவை ராத்திரிக்குத் தள்ளுங்கள். மாதம் இரண்டு, ஒவ்வொன்றும் 500, 600 சொல் போதும்.

பேச்சுவழக்குக்கென்று ஒரு தனிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 'வந்துகினு' என்பதா 'வந்துக்கினு' என்பதா, 'கீது' என்பதா 'கீதுபா' என்று சேர்த்தே எழுதுவதா, 'அப்பால' எங்கே 'அப்றம்' எங்கே என்று முடிவு செய்து அங்கே எழுதி வைத்தால், பத்துக் கதையிலும் எழுத்து மாறாது. மெய்ப்புப் பார்ப்பவர் 'கீது'வை 'இருக்குது' என்று திருத்தும்போது காட்டவும் அந்தப் பக்கம் உதவும். ஒரு வசனத்தில் இப்படி இரண்டு அடையாளம் போதும். 'இன்னா', 'துட்டு', 'குந்து', 'பேஜாரு' எல்லாம் ஒரே வாயில் வந்தால் அது சினிமா காமெடியன் பேச்சு. நம் ஆட்கள் அப்படிப் பேசுவதில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், படித்து வெளியே வேலைக்குப் போகிற பிள்ளை, கரையில் ஏலம் கூறுகிறவர் மூவருக்கும் ஒரே பாஷையைக் கொடுப்பதும் தப்பு.

ஒரே தெருவை இரண்டு இடத்திலும் எழுதாதீர்கள். பதிவில் டீக்கடைக்காரரை ஊர், தெரு, முகமெல்லாம் தெரியும்படி எழுதிவிட்டு, கதையில் டீக்கடைக்காரரைக் கந்துவட்டிக்காரராக்கினால் பழி நிஜ மனிதர் தலையில் விழும். இங்கே வீடுகள் நெருக்கம், ஒரு மணி நேரத்தில் செய்தி சுற்றிவிடும். படம் போடுவதாயிருந்தால் படகு, சந்து, சுவர் போதும்.

தொழில்நுட்பத்தில் அடிக்கடி இடறுவது சுட்டியில், அதாவது பதிவின் இணைய முகவரியில். வலைப்பூத் தளமான பிளாக்கரில் தலைப்பைத் தமிழில் வைத்தால் சுட்டியில் தலைப்பே வராது. 'பிளாக் போஸ்ட்' என்ற பொதுப் பெயரும் ஓர் எண்ணும்தான் நிற்கும். வேர்ட்பிரஸில் தமிழ் அப்படியே போகும், ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது க, ா போன்ற ஒவ்வொரு குறியும் 9 எழுத்தாக விரிந்து மூன்று வரிக்கு நீளும். வெளியிடும் முன்பே சுட்டியை ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரோடு சுருக்கமாக அமைத்துவிடுங்கள். பிளாக்கரில் பிறகு மாற்றினால் முன்பு பகிர்ந்த சுட்டி செத்துப்போகும்.

பழைய எழுத்துருக்களில் அடித்த கதைகளை யூனிகோடுக்கு மாற்றினால் 'கௌ' வருமிடத்தில் 'கெ'யும் 'ள'வும் தனித்தனியாக நிற்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. 'கௌரி', 'மௌனம்', 'சௌகரியம்' போன்ற சொற்களைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். வேர்டிலிருந்து ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துருக் குப்பை உடன் வராது. பிளாக்கர் அமைப்புகளில் உள்ள பேக்கப்பை மாதம் ஒருமுறை இறக்கி, கணினியிலும் பென்டிரைவிலும் வையுங்கள். படங்களைத் தனியாகவும் சேமித்து வையுங்கள். வலைப்பூவுக்குச் சொந்த இணைய முகவரி (டொமைன்) வாங்கியிருந்தால் தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கிவிட்டு, அதில் கொடுத்த மின்னஞ்சல் இன்னும் நீங்கள் திறந்து பார்க்கிறதுதானா என்றும் ஒருமுறை சரிபாருங்கள்.