ரெகோவோத்தில் எங்கள் முதல் புத்தாண்டு

வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் மனைவிக்கு ஆய்வுப் பணி கிடைத்ததால் இஸ்ரேலின் ரெகோவோத் நகரத்துக்குக் குடிவந்தோம். மகளைப் பக்கத்துத் தெருப் பாலர் பள்ளியில் சேர்த்தோம். இங்கே பள்ளி ஆண்டு செப்டம்பர் 1 அன்று தொடங்குகிறது. பிள்ளைகள் அழுது ஓய்வதற்குள் ரோஷ் ஹஷானா என்னும் யூதப் புத்தாண்டு, அதன் பத்தாம் நாள் மன்னிப்பு வேண்டி நோன்பிருக்கும் யோம் கிப்பூர், மேலும் ஐந்து நாள் கழித்துக் கூடாரப் பண்டிகையான சுக்கோத் என்று வரிசைகட்டி வந்துவிடுகின்றன. இவர்கள் எப்போதுதான் பாடம் நடத்துவார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அதுதான் பாடம் என்று பிறகு புரிந்தது.

முதலில் பொருளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்; கதை அப்புறம். தேனில் தோய்த்த ஆப்பிள் துண்டு, உதிர்த்த மாதுளை, ஊதிப் பார்க்க ஆட்டுக்கடாவின் கொம்பு. அதுதான் ஷோஃபார். என் மகள் ஊதியதில் காற்று மட்டும் வந்ததாம். அதையே பெருமையாகச் சொன்னாள்.

யோம் கிப்பூருக்கு முன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். மனிதருக்குச் செய்த தவறை அந்த மனிதரே மன்னிக்க வேண்டும், வெறும் பிரார்த்தனை போதாது என்பது யூத மரபு. வகுப்பில் பென்சில் பிடுங்கியவரெல்லாம் மன்னிப்புக் கேட்டு முடித்தார்கள். வீட்டுக்கு வந்தவள், நான் அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்புகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். பூங்காவுக்கு அழைத்துப் போகாதது முதல் இடத்தில் இருந்தது. மறுபேச்சில்லாமல் கேட்டேன்.

யோம் கிப்பூர் அன்று பெரியவர்கள் ஏறத்தாழ 25 மணி நேரம் உண்ணாமல், நீர்கூட அருந்தாமல் இருக்கிறார்கள். கார்கள் ஓடாத சாலையின் நடுவே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மகளுக்கு ஆண்டிலேயே பிடித்த நாள் அதுதான்.

வெள்ளிதோறும் பாலர் பள்ளியில், அன்று மாலை தொடங்கும் வார ஓய்வு நாளான சப்பாத்தை வரவேற்கிறார்கள். ஒரு சிறுமி அன்றைய அம்மா, ஒரு சிறுவன் அப்பா. மெழுகுவர்த்தி, ஹல்லா ரொட்டி, திராட்சைச் சாறு. எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு உண்டு. அதை ஏற்றியதும் மகள் பள்ளியில் பழகியபடி இரு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொள்கிறாள். காணொளி அழைப்பில் என் அம்மா, "கண்ணைத் திறந்து சுடரைப் பார் கண்ணு" என்கிறார். அவளோ விரலிடுக்கு வழியாகப் பார்த்துப் பள்ளியையும் பாட்டியையும் சமாளிக்கிறாள்.

புதிதாக வருபவர்கள் பிள்ளைக்கு இரண்டு வெள்ளைச் சட்டை வாங்கி வையுங்கள். வெள்ளிக்கிழமையும் பண்டிகையும் அதைக் கேட்கும். பாலும் காய்கறியும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பண்டிகைக்கு முந்தைய நாள் பிற்பகலிலேயே கடைகளும் பஸ்களும் நின்றுவிடும்.