செருகாத பென்டிரைவும் சொந்தக் கர்னலும்

பாளையங்கோட்டை வீட்டிலிருக்கும் என் பழைய மடிக்கணினியில், 4 ஜிபி நினைவகத்தோடும் இரண்டே கோர்களோடும், உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தது. வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் மையநிரலான கர்னல், அதனோடு 5.15 பதிப்பாக வந்திருந்தது. அதற்குப் பதிலாக, 6.6 பதிப்பின் மூலநிரலை இறக்கி, நானே தொகுத்து, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி, நிறுவிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை சென்ற கோடையில் வந்தது. கர்னல் என்றதும் பட்டாளத்து அதிகாரி யாரோ வீட்டுக்கு வரப்போவதாக அம்மா நினைத்துக்கொண்டார்.

எந்தக் கணினியில் போட்டாலும் ஓட வேண்டும் என்பதற்காக, உபுண்டு தரும் கர்னலில் வன்பொருள்களை இயக்கும் ஆயிரக்கணக்கான இயக்கிகள், வேண்டும்போது மட்டும் ஏற்றப்படும் மாட்யூல்களாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அத்தனையையும் என் கணினியில் தொகுக்க முயன்றால் விடிய விடிய ஓடினாலும் முடியாது என்று அஞ்சி, 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளையைக் கொடுத்தேன். அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது கழித்துவிடும். 5.15-க்குப் பின் வந்த புதிய வசதிகளைப் பற்றி அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என்டர் விசையையே பதிலாகத் தந்தேன். கர்னல் பெயரின் பின்னொட்டாகப் 'பொருநை' என்று சேர்த்ததில் மட்டும்தான் என் சொந்த யோசனை இருந்தது.

தொகுப்பு தொடங்கிய சிறிது நேரத்திலேயே, உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனத்தின் சான்றிதழ்க் கோப்பு ஒன்றைக் காணவில்லை என்று நின்றது. உபுண்டுவின் அமைப்புக் கோப்பிலிருந்து வந்த அந்தப் பாதையை வெற்றாக்கியதும் நகர்ந்தது. பாதி வழியில் மின்சாரம் போயிற்று. பேட்டரி செத்துப் பல மாதமாகியிருந்ததால் கணினியும் உடனே அணைந்தது. தொகுப்பை ஓட்டும் 'மேக்' கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது உண்மைதான். ஆனால் மின்சாரம் போன கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நின்று, கடைசியில் இணைக்கும்போது பிழை காட்டியது. அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டுத் திரும்பவும் ஓட்டினேன்.

மாட்யூல்களையும் கர்னலையும் நிறுவியபின், கணினி எழும்போது எந்தக் கர்னல் என்று தேர்ந்தெடுக்க உதவும் க்ரப் பட்டியலில் புதிய பெயர் வந்தது. கணினி எழுந்து, வைஃபையும் ஒலியும் வேலை செய்ததில் அன்றிரவு எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் வண்ணார்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகை ஒன்றில் பிழை பார்த்துத் தரும்படி பென்டிரைவோடு வந்தார். செருகினேன், திரையில் எதுவுமே தோன்றவில்லை. காரணத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"சொருகாத சாமானை அது எப்படிடே அறியும்?"

முந்தைய நாள் பென்டிரைவ் எதுவும் செருகப்பட்டிருக்கவில்லை. ஆகவே யூஎஸ்பி சேமிப்பு மாட்யூலும் கழிந்துவிட்டது. க்ரப் பட்டியலில் பழைய 5.15 அப்படியே இருந்ததால், அதில் எழுப்பி அவர் வேலையை முடித்துக் கொடுத்தேன். கர்னல் அமைப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் மெனுகான்ஃபிக்கில் அந்த மாட்யூலைச் சேர்த்து மறுபடி தொகுத்தபோது, மாறியவை மட்டுமே தொகுக்கப்பட்டதால் அதிக நேரம் பிடிக்கவில்லை. இம்முறை பென்டிரைவ் தெரிந்தது, திறக்கத்தான் மறுத்தது. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் பார்த்தால், ஐஎஸ்ஓ 8859-1 என்ற எழுத்துக்குறித் தொகுதியைக் காணவில்லை என்றிருந்தது. கோப்புப் பெயர்களைப் படிக்க அதுவும் தனி மாட்யூலாக வேண்டியிருக்கிறது.

மூன்றாம் முறை தொகுக்கும் முன், பழைய கர்னலில் எழுப்பி, பென்டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க், அண்டை வீட்டில் இரவல் வாங்கிய வெப்கேம் என்று கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் செருகித் திறந்து பார்த்துவிட்டே லோக்கல்மாட்கான்ஃபிக்கைக் கொடுத்தேன். அதன்பின் அண்ணாச்சி கொண்டுவந்த அடுத்த பத்திரிகை 'பொருநை'யிலேயே திறந்தது.