இலையுதிர்காலச் செய்முறைப் பரீட்சை: பூசணி ஸ்கோனுக்கு வீட்டில் தயாராகும் விதம்

பெறுபேறு சென்ற வாரம் வந்தது. ரொறன்ரோவில் நான் பயிலும் பேக்கிங் கற்கைநெறியின் முதலாம் தவணைச் செய்முறைப் பரீட்சையில், மேப்பிள் கிளேஸ் (மேப்பிள் சிரப் கலந்த சீனிப் பூச்சு) பூசிய பூசணி ஸ்கோனுக்கு (அடுக்கடுக்காகப் பிரியும், ஓவனில் சுடும் சிறு பண்டம்) முழுப் புள்ளி கிடைத்திருக்கிறது. மனம் இலேசாகிவிட்ட இந்நேரத்தில், அடுத்த முறை இதே பரீட்சைக்கு இருப்பவர்களுக்காகக் கைப்பழக்கம் மறப்பதற்கு முன்னரே இதை எழுதுகிறேன். பரீட்சையின் ஒழுங்கும் புள்ளித்திட்டமும் உங்களுக்குத் தெரிந்தவையே.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பூசணி விழுதின் நீரை வற்றச் செய்யுங்கள். தகரத்தில் வரும் பூசணி விழுதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர். பெரும்பாலான சமையற்குறிப்புகள் அதை அப்படியே மாவில் கொட்டச் சொல்கின்றன. அப்படிக் கொட்டினால் மா கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மா தூவுவோம். முடிவில் அடுப்பிலிருந்து வருவது ஸ்கோனாக இல்லாமல், அடுக்கும் மொறுமொறுப்பும் அற்ற ஒரு மெத்தென்ற பணிஸாக இருக்கும். என்னோடு படித்த பலர் பேக்கிங் பவுடரைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள், ஆனால் காரணம் நீரிலேயே இருந்தது.

அகன்ற சட்டியில் 200 கிராம் விழுதை இட்டு, மெல்லிய தீயில் மரக்கரண்டியால் விடாமல் கிளறுங்கள். முதலில் அது கொப்பளித்துத் தெறிக்கும். பின்னர் தெறிப்பது அடங்கி, பளிச்சென்ற செம்மஞ்சள் நிறம் மங்கி, பச்சைப் பூசணியின் வாடை போய் இனிப்பான மணம் எழும். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் அப்படியே நிற்க வேண்டும். அப்போது நிறுத்துப் பாருங்கள். 120 கிராம் அளவில் இருந்தால் போதும். அதைத் தட்டில் பரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் முற்றாகக் குளிர விடுங்கள். இளஞ்சூட்டோடு சேர்த்தால் பட்டர் மாவுக்குள் உருகிவிடும், வற்றச் செய்த பயனும் போய்விடும். நான் இதை முதல்நாள் மாலையிலேயே முடித்து வைப்பேன். கடைசி நேரத்தில் பதறும் இயல்புள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த விழுதுக்கு நான் பயன்படுத்திய அளவுகள்: மா 280 கிராம், மண்ணிறச் சீனி 65 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, உப்பில்லாத பட்டர் 115 கிராம், முட்டை ஒன்று, கிரீம் 45 மில்லிலீற்றர். கறுவா, இஞ்சி, சாதிக்காய், கராம்புத் தூள்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு தேக்கரண்டி. அதில் பாதிக்குமேல் கறுவா. இங்குள்ள கடைகளில் கறுவாத்தூள் என்று விற்கப்படுவது பெரும்பாலும் காசியா எனும் காரமான வேறு வகைக் கறுவா. இலங்கைக் கறுவா மென்மையானது. அடுப்பின் சூட்டில் அதன் நறுமணம் அடங்கிப்போவதாக எனக்குப் படுவதால், அதைக் கிளேஸுக்கென்று ஒதுக்கி வைக்கிறேன்.

மாவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கனடாவின் சாதாரண கோதுமை மாவில் புரதம் 13 சதவீதம் அளவில் இருக்கிறது. அமெரிக்க மா பொதுவாக அதைவிடக் குறைவு. அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து இங்குள்ள மாவைப் பிசைந்தால் ஸ்கோன் இறுகிவிடும். ஆகவே மாவில் கால்பங்கை, புரதம் குறைந்த பேஸ்ட்ரி மாவாக மாற்றுங்கள். பிசையாமல், மடித்து அழுத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேலை வரிசை:
– உறைந்த பட்டரைத் துருவி மாவில் கலக்கவும். துருவல் துருவலாகத் தெரிய வேண்டும்.
– விழுது, முட்டை, கிரீம் மூன்றையும் ஒன்றாக அடித்து ஊற்றவும்.
– 18 சென்ரிமீற்றர் வட்டம், 2.5 சென்ரிமீற்றர் தடிப்பு, எட்டுத் துண்டுகள். கத்தியை நேராக இறக்கவும், அறுக்க வேண்டாம்.
– 20 நிமிடம் ஃப்ரீசரில்.
– 200 பாகை செல்சியஸில் 20 முதல் 22 நிமிடம்.

ஃப்ரீசர் நேரத்தைக் குறைக்காதீர்கள். பட்டரின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நீர். பட்டர் திடமாக இருக்கும்போதே ஓவனின் சூடு தாக்கினால்தான் அந்த நீர் அங்கங்கே ஆவியாகி மாவை அடுக்கடுக்காக உயர்த்தும்.

கிளேஸுக்கு மேப்பிள் சிரப்பைத் தெரிந்தெடுப்பது முக்கியம். கனடாவில் ஏ தரச் சிரப், நிறத்தைக் கொண்டு கோல்டன், அம்பர், டார்க், வெரி டார்க் என நான்கு வகையாகப் பிரிக்கப்படுகிறது. வெளிர்நிறச் சிரப் ஐசிங் சீனியின் இனிப்பில் காணாமற்போய்விடும் என்பதால் டார்க் வகையை வாங்குங்கள். 120 கிராம் ஐசிங் சீனியைக் கட்டாயம் அரித்து, இரண்டு மேசைக்கரண்டி சிரப்பும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, பாலைத் துளித்துளியாக விட்டுக் கலக்குங்கள். அதில் பாதியை எடுத்து இன்னும் சற்றுப் பாலால் இளக்கி, நன்கு ஆறிய ஸ்கோனின் மேல் தூரிகையால் மெல்லியதாகப் பூசுங்கள். அது உலர்ந்து மங்கலானதும், கறுவா கலந்த மீதிப் பாதியைக் கோடுகளாக விடுங்கள். முதற்பூச்சு மேற்பரப்பை மூடிவிடுவதால் இரண்டாவது பூச்சு உள்ளே ஊறாது. பரீட்சகர் என்னுடைய ஸ்கோனைச் சரித்துப் பிடித்துப் பார்த்தார். கோடு ஒன்றும் வழியவில்லை. உடைத்தபோது அடுக்குகள் பிரிந்து தெரிந்தன.

கனடாவின் நன்றிகூறல் நாளான தாங்ஸ்கிவிங் ஒக்ரோபரின் இரண்டாவது திங்கட்கிழமை வருகிறது. அதற்கு முந்திய நாட்களில் எங்கள் பக்கத்துக் கடைகளில் பூசணித் தகரங்கள் விரைவாக முடிந்துவிடுகின்றன. ஆகவே செப்டெம்பரிலேயே வாங்கி வையுங்கள். தகரத்தில் பூசணி மட்டும் இருக்கிறதா என்று பொருட்பட்டியலையும் வாசியுங்கள். அருகிலேயே அடுக்கப்பட்டிருக்கும், பை (pie) எனும் பண்டத்தின் உள்ளே வைப்பதற்கான பூசணிக் கலவையில் சீனியும் வாசனைத் தூள்களும் ஏற்கெனவே கலந்திருக்கும். அதை வற்றவைத்தால் அடிப்பிடிக்கும்.