முருகன் அட்டை நோட்டு

நம் பள்ளியில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு மட்டும் யாருக்கும் சிரமமாக இருந்ததில்லை. பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நான்கு என்பது நமக்கெல்லாம் கணக்கு வாத்தியார் சொல்லித் தருவதற்கு முன்பே தெரியும். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. வீட்டுத் திண்ணையில் அம்மாவும் அக்காவும் தீப்பெட்டி ஒட்டி அடுக்கும்போது, குரோஸ் கணக்கு எண்ணித்தான் நம்மில் பாதிப் பேர் எண்களையே கற்றோம். அடிப்பெட்டி, மேல்பெட்டி, பசைக் கிண்ணம், காய்வதற்கு வெயில். சிவகாசி வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனால் அந்த வெயில்தான் சோறு போட்டது.

நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், தொழில் நடத்துகிறவன் என்ற முறையில் ஏதாவது எழுது என்று செயலாளர் கேட்டார். நான் இங்கே சிங்கப்பூரில் நடத்துவது சின்ன அச்சகம். லேபிளும் அட்டைப்பெட்டியும் அடிக்கிறோம். இருபத்து மூன்று வருடமாக ஓடுகிறது. நிர்வாகம் பற்றி நான் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊரில் பார்த்தது. அதை எழுதுகிறேன்.

ஊர்க்கதை நம் எல்லோருக்கும் தெரியும். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். வானம் பார்த்த கரிசல் பூமி, மழை பொய்த்தால் பிழைப்பு இல்லை. தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு 1923இல் திரும்பி வந்தார்கள். இந்த இடத்தோடு பெரும்பாலும் கதையை முடித்துவிடுவோம். எனக்கு அதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம்.

முதலில் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். அதே 1923இல்தான் ஸ்வீடன்காரர்களின் விம்கோ கம்பெனி இந்தியாவில் கால் வைத்தது. சென்னையில் திருவொற்றியூர்ப் பக்கம் இன்றும் விம்கோ நகர் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அந்தப் பெயர் அவர்கள் தொழிற்சாலையால் வந்ததுதான். உலகச் சந்தையில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த ஸ்வீடன் கம்பெனியின் கிளை அது. அதனோடு இயந்திரத்துக்கு இயந்திரம் மோதியிருந்தால் நம் ஆட்கள் இரண்டு வருடத்தில் கடனாளியாகியிருப்பார்கள். அவர்கள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். குச்சி அடுக்க ஒரு கை, மருந்து முக்க ஒரு கை, பெட்டி ஒட்ட வீட்டுக்கு வீடு கைகள். கேரளத்து மரத்தில் சீவிய குச்சி லாரியில் வரும். மீதி எல்லாம் ஊருக்குள்ளேயே முடியும். தன்னிடம் என்ன இல்லை என்று அழாமல், என்ன இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப தொழிலை வளைத்தது பெரிய முடிவு என்று நான் நினைக்கிறேன்.

அதைவிடப் பெரிய முடிவு 1926இல் நடந்தது. இருவரும் பிரிந்தார்கள். ஒருவருக்கு அணில் மார்க் தீப்பெட்டி, இன்னொருவருக்குக் காக்கா மார்க். கூட்டாளிகள் பிரிந்தால் கோர்ட்டு, பஞ்சாயத்து, நாலு தலைமுறைப் பகை என்றுதான் நாம் பல இடங்களில் பார்த்திருக்கிறோம். இங்கே இரண்டு பேரும் தனித்தனியாக வளர்ந்தார்கள். கற்றுக்கொண்ட வேலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டவும் இல்லை. உறவுக்காரர், வேலைக்காரர், பக்கத்துத் தெருக்காரர் என்று ஆளாளுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் போட்டார்கள். தொழிற்சாலையை ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சாத்தூர், கோவில்பட்டி வரை அது பரவியது. மருந்து வாங்க, குச்சி வாங்க, லேபிள் வாங்க எல்லோருக்கும் ஒரே சந்தை. ஒருவன் விழுந்தாலும் ஊர் விழவில்லை.

லேபிள் என்று சொன்னேன். அங்கேதான் என் குடும்பக் கதை வருகிறது.

தீப்பெட்டி மேல் ஒட்ட வண்ணப்படம் வேண்டும். வெளியூரில் அடித்து வாங்கினால் காசும் போகும், நாளும் போகும். அதனால்தான் லித்தோ கல் அச்சு ஊருக்குள் வந்தது. அப்புறம் ஆப்செட். லேபிள் அடித்த கை, காலண்டரும் டைரியும் அடிக்கப் பழகியது. மத்தாப்பூத் தீப்பெட்டி செய்த கை பட்டாசுக்குப் போனது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் கட்டாயமானது, போரினால் வெளிநாட்டு வெடி வருவது நின்றது, ஊரில் முறையான பட்டாசுத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஒரு தொழிலின் தேவையே அடுத்த தொழிலாக மாறிக்கொண்டே போனது.

என் அப்பா ஓர் ஆப்செட் அச்சகத்தில் மிஷின் மேன். அந்த முதலாளியும் நம் பள்ளியில் படித்தவர்தான். பெயர் சொல்ல அவர் விரும்பமாட்டார் என்பதால் விடுகிறேன். சீசன் என்றால் ஆடிப்பெருக்கில் காலண்டர் ஆல்பம் போட்ட நாளிலிருந்து மார்கழி முடியும் வரை. அப்போதெல்லாம் ஒற்றைக் கலர் மிஷின். மஞ்சள் ஒரு தடவை, சிவப்பு ஒரு தடவை, நீலம் ஒரு தடவை, கறுப்பு ஒரு தடவை என்று ஒரே தாள் நாலு முறை உள்ளே போய் வரும். நாலும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் படம். மயிரிழை தள்ளினாலும் ‘ரிஜிஸ்டர் போயிருச்சு’ என்பார்கள்.

1975 சீசன். நான் ஆறாம் வகுப்பு. அப்பா இரவும் பகலுமாக இரண்டு ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இரவு சிவப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது தாள் பிடிப்பு நழுவியிருக்கிறது. கண் அசந்துவிட்டது. விடியற்காலை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது முருகனுக்கு உதடு இரண்டாகத் தெரிந்தது. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில், இன்னொன்று கன்னத்தோரம். அதற்குள் ஆறாயிரம் தாள் ஓடி முடிந்திருந்தது. தடித்த ஆர்ட் பேப்பர். அப்பாவின் இரண்டு வருடச் சம்பளத்தைவிட அதிகம்.

அம்மா அனுப்பிய தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்பா மிஷின் ஓரம் மையும் கையுமாக நிற்கிறார். முதலாளி ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். மேனேஜர், “பார்ட்டிகிட்ட விலையைக் குறைச்சுத் தள்ளிரலாம், சுவத்துல தொங்குறதை எவன் கிட்ட போயிப் பாக்கப் போறான்” என்றார். முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “ரெண்டு ஷிப்டு சேர்த்துப் பாருங்கன்னு சொன்னது நானு. இதுல எனக்கும் பங்கு இருக்கு அண்ணாச்சி. வீட்டுக்குப் போயித் தூங்கிட்டு வாங்க. சாயங்காலம் புதுத் தாள் போட்டு ஓட்டுவோம்.”

அப்பா நடந்தே வீட்டுக்கு வந்தார். சைக்கிளை அங்கேயே மறந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து கை மையைக் கழுவாமல் நெடுநேரம் இருந்தார். சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட பிடிக்கவில்லை. மறுவாரத்திலிருந்து அந்த அச்சகத்தில் யாரும் தொடர்ந்து இரண்டு ஷிப்டு நிற்கக் கூடாது என்று ஆனது. சீசன் நேரத்தில் அது எவ்வளவு பெரிய நட்டம் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும்.

அந்த ஆறாயிரம் தாள் என்ன ஆனது என்று நம் வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச நோட்டு கொடுத்தார்களே, வெள்ளை அட்டையில் பள்ளியின் பெயர் அச்சடித்து? அட்டையைத் திறந்தால் உள்பக்கம் முருகன். அழகாக வெட்டி, பின்பக்கம் வெளியே வருமாறு மடித்துத் தைத்திருந்தார்கள். வீணான தாள் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கு மட்டும் அந்த இரண்டாவது உதடு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

நம் பக்கத்து வியாபாரிகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள உறவு இந்த நோட்டில் தொடங்கியதல்ல. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரத்தில் மகமை பிடித்து, உறவின்முறை என்னும் சமூகச் சங்கம் பள்ளி நடத்திய ஊர்கள் இவை. 1889இலேயே விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடத்திய பள்ளி. காமராஜர் அங்கேதான் படித்தார். 1921இல் தூத்துக்குடியில் நாடார் பாங்கு, இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கு, தொடங்கியதும் இந்த மனசிலிருந்துதான். 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பட்டப்படிப்புக்கு வெளியூர் போக வேண்டியிருந்த காலம் அதோடு போயிற்று. லாபம் கண்ட பிறகு தர்மம் என்று இவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. சரக்கு கைமாறும்போதே எடுத்து வைத்தார்கள். நட்ட வருடத்திலும் பள்ளி நடந்தது அதனால்தான்.

ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டால் நான் பொய் எழுதியவன் ஆவேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் ஆறாம் வகுப்புப் பாதியில் நின்றுபோனான். விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அதில் அவனும் அவன் தங்கையும் ஏறிப் போவார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் மேல் சிவப்பு மைக்கோடு விழுந்தது. அவனுக்கும் ஒரு முருகன் நோட்டு கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. கல்லூரி கட்டிய ஊர்தான் சின்னப் பிள்ளைகளின் விரலில் குச்சியும் அடுக்கியது. வறுமை என்று காரணம் சொல்வார்கள். வறுமை இருந்தது உண்மை. அதற்காக அது சரியாகிவிடாது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, சிவகாசியைப் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வெளியிலிருந்து சொல்லும் வரை நாம் காத்திருந்திருக்கக் கூடாது. அதேபோல் பட்டாசுத் தொழிலில் இன்னமும் வருடா வருடம் உயிர் போகிறது. கூட ஆள் வைக்காதே, அளவுக்கு மேல் மருந்து வைக்காதே என்ற சாதாரண விதியை மீறுவதால் போகும் உயிர்கள் அவற்றில் எத்தனையோ. ரெண்டு ஷிப்டை நிறுத்திய அந்த முதலாளியை இதனாலும்தான் நான் மறப்பதில்லை.

1981இல் அப்பா தனியாக ஒரு பழைய மிஷின் வாங்கிப் போட்டார். வேலையை விட்டு வருகிறேன் என்று சொல்ல மூன்று மாதம் தயங்கினார். சொன்ன அன்று முதலாளி பேப்பர்க் கடைக்கு ஆள் அனுப்பி, “அண்ணாச்சி பேருக்குக் கடன் கொடுங்க, நான் நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். முதல் ஜாப்பும் அவர் கொடுத்ததே, ஊதுபத்தி லேபிள்.

இதெல்லாம் தெரிந்தும் எனக்கு ஒரு சோதனை வந்தபோது நான் தடுமாறினேன். 2014இல் என் அச்சகத்தின் மிகச் சிறந்த ஆள் வேலையை விட்டான். நம் ஊர்ப் பக்கத்துப் பையன், நான் கைபிடித்துப் பழக்கியவன், நிரந்தரவாசி உரிமை வாங்க நான்தான் அலைந்தேன். இரண்டு தெரு தள்ளி அவனே ஒரு கடை போட்டான். என் வாடிக்கையாளர் இரண்டு பேர் அவன் பின்னால் போனார்கள். வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முந்தின இரவு அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு அப்போது எண்பது. முழுவதையும் கேட்டுவிட்டு, “அவன் ரிஜிஸ்டர் சரியா வைக்கிறானா?” என்றார். வைக்கிறான் என்றேன். “அப்புறம் என்னய்யா. நம்மகிட்ட கத்துக்கிட்டுப் போனவன் கெட்ட வேலை செஞ்சாத்தான் நமக்குக் கேவலம்.”

நோட்டீஸைக் கிழித்தேன். கோபம் அன்றே போகவில்லை, ஒரு வருடம் ஆனது. பிறகு எங்கள் மிஷினில் இடமில்லாத வேலையை அவனுக்கு அனுப்ப ஆரம்பித்தேன்.

2020 ஏப்ரலில் சிங்கப்பூர் அடைந்துகிடந்த நாட்கள் உங்களுக்கே தெரியும். என் ஆட்கள் ஒன்பது பேர் தங்கும்விடுதியைவிட்டு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். உணவுப்பொட்டல லேபிள் ஆர்டர், நிறுத்த முடியாதது. அவன் தானாக வந்தான். சாவியை வாங்கிக்கொண்டு, தன் கடையைப் பகலிலும் என் கடையை மாலையிலும் ஓட்டினான். நள்ளிரவு தாண்டி நிற்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. இந்தக் கதையை அவனுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் அவனிடம் வேலை பழகிய, மலேசியாவின் ஜொகூர்ப் பையன் ஒருவன் அக்கரையில் தனியாக மிஷின் போட்டிருக்கிறான். அவனை அழைத்துக்கொண்டு இவன் என் அறைக்கு வந்தான். “அண்ணாச்சி, மொத ஜாப் நீங்க குடுக்கணும்” என்றான். மிளகாய்த்தூள் பாக்கெட்டு லேபிள், நாலு கலர். முதல் தாளை அந்தப் பையன் எனக்கு எடுத்து வந்து காட்டினான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தன.