துணி காயாத நாளும் கார்புரேட்டர் ஐஸும்

மழை விட்டு ரெண்டு மணி நேரமாச்சு. நாகர்கோவில்ல கொடியில போட்ட துணி இன்னும் சொட்டுது. 27 டிகிரி.

பழைய சின்ன விமானம் ஓட்டுறவங்க பயப்பட வேண்டிய வானிலை இதுதான்.

1958-ல நம்ம நாட்டு விமான நிறுவனம் எச்.ஏ.எல். முதன்முதலா பறக்கவிட்ட சின்ன விமானம் புஷ்பக்கை எடுத்துக்கோங்க. 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காத்தையும் கலந்து கொடுக்குற கார்புரேட்டர்ல பெட்ரோல் ஆவியாகும்போது உள்ள 20 டிகிரிக்கு மேலயும் குளிரும். ஈரக்காத்து அங்கேயே ஐஸாப் படிஞ்சு மூச்சை அடைக்கும்.

எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலைத் தொடாமலே ஆர்.பி.எம்., அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு சுத்துற கணக்கு, மெல்லக் குறையுதா? எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) சூட்டுல சூடான காத்தை கார்புரேட்டருக்கு விடுற கார்ப் ஹீட் குமிழை முழுசா இழுங்க. பாதி கூடாது.

இழுத்ததும் ஆர்.பி.எம். இன்னும் விழும். உருகின தண்ணி உள்ள போய் எஞ்சின் உதறும். இங்கதான் பதறிப்போய் குமிழைத் திரும்ப உள்ள தள்ளிடுறாங்க.

தயவுசெஞ்சு தள்ளாதீங்க! ஐஸ் கரைஞ்சதும் ஆர்.பி.எம். தானா ஏறும்.

இறங்குறப்போ த்ராட்டிலைக் குறைக்கிறதுக்கு முன்னாடியே ஹீட் போட்டுடணும். குறைச்ச பிறகு எக்ஸாஸ்ட்ல போதுமான சூடு இருக்காது.

பக்கத்து சீட்ல மச்சானோ மகளோ இருந்தா, எஞ்சின் கொஞ்ச நேரம் உதறும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. அந்த அரை நிமிஷம் கேள்வி கேட்டா பைலட் கவனம் சிதறும்.