மூன்றாவது செட்டுக்குக் கால் ஸ்பூன் உப்பு

மார்ச் முதல் ஞாயிறு, காலை டென்னிஸ். முதல் செட்டை 6-4 என்று எடுத்துவிட்டேன். இரண்டாவதில் 3-2. சர்வ் போட எம்பினேன், இடது கெண்டைக்காலில் குரக்களி இழுத்துவிட்டது. அப்படியே கோர்ட்டில் உட்கார்ந்தேன், ஆட்டம் போயிற்று. எங்களோடு பந்தடித்துப் பழக்கிவிடும் மார்க்கர் அண்ணன்தான் காலை நீவிவிட்டார். என் நீல டீ-சர்ட்டைக் காட்டி, "தோள்பட்டையப் பாருங்க சார், வெள்ள வெள்ளையா உப்புப் பூத்துக் கெடக்கு. நீங்க வெறும் தண்ணியத்தான குடிக்கிறீங்க?" என்றார். ஏப்ரல் கடைசியில் எங்கள் கோர்ட் ஆட்களுக்குள் ஒற்றையர் போட்டி இருந்தது. அதற்குள் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று அன்றே ஒரு நோட்டுப் போட்டேன்.

முதலில் எடை. அடுத்த ஞாயிறு ஆடப் போகும்முன் 71.2 கிலோ. ஆடி முடித்து, வியர்வையைத் துடைத்துவிட்டு ஏறினால் 69.3. இடையில் குடித்தது முக்கால் லிட்டர். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று கணக்கு. ஆக, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் 2.6 லிட்டருக்கு மேல் வியர்த்திருக்கிறேன். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் நீர் இறங்கினாலே ஆட்டம் தளர ஆரம்பிக்கும். எனக்கு 2.7. காலை ஏழு மணி மதுரை வெயிலுக்கே இப்படி.

அடுத்த வாரம் இளநீர். இரண்டு இளநீரைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனேன். குடிக்க இதமாக இருந்தது, ஆனால் கடைசியில் கால் மறுபடி துடித்தது. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவதோ சோடியம். குரக்களிக்கு உப்பு மட்டும் காரணம் இல்லை, தசை களைத்துப்போவதும் சேரும் என்பதால் வாரம் இரண்டு நாள் கெண்டைக்கால் பயிற்சியும் சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம்தான் பானகம் நினைவுக்கு வந்தது. அழகர் ஆற்றில் இறங்கும்போது பந்தலுக்குப் பந்தல் ஊற்றுவார்களே, அதே பானகம். வெல்லம், எலுமிச்சை, தண்ணீர். உப்பை மட்டும் நான் சேர்க்க வேண்டும். அம்மாவிடம் சொன்னதும் பந்தல் பக்குவத்திலேயே லிட்டருக்கு 120 கிராம் வெல்லம் போட்டுக் கரைத்துக் கொடுத்துவிட்டார். ருசி அபாரம். ஆனால் இரண்டாவது செட்டில் வயிறு குலுங்கியது. இனிப்பு அவ்வளவு கெட்டியாக இருந்தால் வயிற்றைவிட்டு இறங்க நேரமாகும். 50 கிராமாகக் குறைத்தேன். உப்பு கால் டீஸ்பூன், தலைதட்டி, அரை எலுமிச்சை. சுக்கு போட்டால் ஓடும்போது நெஞ்சு கரித்தது, விட்டுவிட்டேன். ஏலக்காய் இருக்கட்டும். பிரஷர் உள்ளவர்கள் இந்த உப்புக் கணக்கை டாக்டரிடம் கேட்காமல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாகம் எடுக்கும்வரை காத்திருப்பதையும் நிறுத்தினேன். மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது கேம் முடிந்து பக்கம் மாறும்போது 90 வினாடி கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் நாலு மடக்கு. முதல் கேம் முடிந்து மாறும்போது உட்கார நேரம் இல்லை, அதனால் கோர்ட்டில் இறங்கும்முன்பே ஒரு டம்ளர்.

சாப்பாட்டில் நான் செய்த தப்பு வெண்பொங்கல். ஒரு மணி நேரம் முன்னால் நெய் மிதக்கப் பொங்கலும் வடையும் தின்றுவிட்டுப் போய், முதல் செட்டை 1-6 என்று விட்டேன். நெய்யும் எண்ணெயும் செரிக்க நேரம் பிடிக்கும். இப்போது ஏழு மணி ஆட்டத்துக்கு ஐந்து மணிக்கே எழுந்து நாலு இட்லி, கொஞ்சம் சாம்பார், ஒரு வாழைப்பழம். அவ்வளவு அதிகாலையில் நிறையச் சாப்பிட முடியாது என்பதால் முந்தின இரவே இடியாப்பமோ சோறோ வயிறாரச் சாப்பிட்டுவிடுகிறேன். சனிக்கிழமை இரவு பரோட்டா கல்லில் தட்டுகிற சத்தத்தைக் கடந்து வீட்டுக்கு வருவது உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

போட்டி அன்று காலை ஆட்டம் மூன்று செட், இரண்டு மணி பத்து நிமிடம். 4-6, 6-3, 7-5. கால் இழுக்கவில்லை. ஒன்றரை லிட்டருக்கு மேல் பானகம் போயிருந்தது, எடை 70.2. மாலை நாலரைக்கு அடுத்த ஆட்டம். வீட்டுக்கு வந்ததும் தயிர்சாதம், இரண்டு அவித்த முட்டை. அப்புறம் தூக்கம். எழுந்து உப்புப் போட்ட மோர், மூன்று மணிக்கு இரண்டு வாழைப்பழம். நண்பர் ஜிகர்தண்டா வாங்கித் தருவதாகக் கூப்பிட்டார். "ஆட்டம் முடியட்டும்ணே" என்றேன்.

மாலையில் 3-6, 4-6 என்று தோற்றேன். எதிரில் ஆடியவரின் பேக்ஹேண்டுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கடைசி கேமிலும் நெட்டுக்கு ஓடிப்போய்ப் பந்தை எடுக்க முடிந்தது. டீ-சர்ட்டில் உப்பு அதே மாதிரி பூத்திருந்தது. ஜிகர்தண்டா ஏழு மணிக்கு.