தொட்டியிலிருந்து மதொன்னீனா வரை: மிலான் பேராலயத்தைக் கீழிருந்து மேலாகத் தரிசிக்க

மிலான் பேராலயத்தின் முகப்பில் 'மரியே நாஷெந்தி' என்ற இலத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிறக்கின்ற மரியாவுக்கு என்று பொருள். இந்த ஆலயம் அன்னையின் பிறப்புக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. அதன் விழா செப்டம்பர் 8, வேளாங்கண்ணிப் பெருவிழா நிறைவுபெறும் அதே நாள். மிலான் மறைமாவட்டத்தின் பணியாண்டைப் பேராயர் தொடங்கிவைப்பதும் அன்றுதான். அங்கே போகிற தமிழர், வாசலைத் தாண்டுமுன் இந்த இரண்டு சொற்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகலாம். உள்ளே இருப்பதெல்லாம் அவற்றின் விரிவுரைதான்.

பலரை இழுப்பது கூரை. பளிங்குக் கோபுர முனைகளுக்கு நடுவே நடந்துபோகக் கிடைக்கும் வாய்ப்பு அப்படிப்பட்டது. ஆனால் கூரையை மட்டும் பார்த்து இறங்கிவிடுவது, கோவிலுக்குப் போய்க் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது மாதிரி. மண்ணுக்கடியில் உள்ள பழைய திருமுழுக்குத் தொட்டியில் தொடங்கி, ஆலயத்துக்குள் பீடம் வரை நடந்து, கடைசியில் மதொன்னீனா என்னும் பொன் மாதாவை அண்ணாந்து பார்க்கக் கூரைக்கு ஏறினால்தான் அது திருப்பயணமாகும். பல கைடுகள் கூரையில் தொடங்கிக் கீழே முடிப்பார்கள். படி ஏறும் களைப்பு முதலிலேயே தீர்ந்துவிடும் என்பதும், கூரை டிக்கெட்டின் நேரத்துக்கு ஏற்ப நடத்துவது எளிது என்பதும் காரணம். நமக்கு வேண்டிய வரிசையை முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். வாசலில் வந்து கேட்டால் நேரச்சீட்டை மாற்ற முடியாது.

தனிக் கைடை ஏற்பாடு செய்யும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இத்தாலியில் கைடு வேலைக்கு அரசு உரிமம் உண்டு. அது அவரிடம் இருக்கிறதா? சொன்ன கட்டணத்தில் நுழைவுச் சீட்டுகள் அடக்கமா, தனியா? கூரைக்கு லிஃப்ட்டா, படிக்கட்டா? அடியில் உள்ள தொல்லியல் பகுதியும் சேர்த்தியா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் புனித அகுஸ்தீனார் திருமுழுக்குப் பெற்ற இடத்துக்கு மேலேயே நடந்துவிட்டு, அதைப் பார்க்காமல் திரும்புகிறார்கள். கீழே, உள்ளே, மேலே என்று மூன்றுக்குமாக இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஒன்றரை மணியில் எல்லாவற்றையும் காட்டுகிறோம் என்பவர், காட்டுவார், நிற்க விடமாட்டார்.

'வரிசையில் நிற்க வேண்டாம்' என்று விற்கப்படும் சீட்டு, டிக்கெட் வாங்கும் வரிசையை மட்டும்தான் தவிர்க்கும். பாதுகாப்புச் சோதனை எல்லோருக்கும் உண்டு. கண்ணாடிப் பாட்டில், பெரிய பை, பெட்டி, ஹெல்மெட் எதுவும் உள்ளே போகாது. ஆகவே ரயில் நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே வந்துவிடாதீர்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஆணுக்கும் இதே விதிதான். அரைக்கால் சட்டையோடு வந்து திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. பெண்கள் முக்காடு இட வேண்டியதில்லை. ஆனால் பையில் ஒரு துப்பட்டா இருந்தால் தோளுக்கும் உதவும், மேலே வெயிலுக்கும் உதவும். மெட்ரோவில் சிவப்பு, மஞ்சள் என இரண்டு தடங்களும் 'துவோமோ' (இத்தாலிய மொழியில் பேராலயம்) நிலையத்தில் நிற்கும். படியேறினால் எதிரே ஆலயம். சதுக்கத்தில் கையில் கயிறு கட்டிவிடவோ, புறாவுக்குப் போடத் தானியம் திணிக்கவோ வருகிறவர்களிடம் கை நீட்டாதீர்கள். கட்டியதும் காசு கேட்பார்கள்.

இனி உள்ளே. முதலில் கீழே இறங்குங்கள். சதுக்கத்தின் மட்டத்துக்குக் கீழே, நான்காம் நூற்றாண்டின் புனித யோவான் திருமுழுக்கு ஆலயத்தின் அடித்தளம் இருக்கிறது. 1960களில் மெட்ரோ வேலை நடந்தபோது செய்த அகழாய்வில் தெளிவாக வெளிப்பட்டது. நடுவில் எண்கோணத் தொட்டி. ஏழு நாள் படைப்புக்குப் பிறகு வரும் எட்டாம் நாள் உயிர்ப்பின் நாள். அதனால்தான் எட்டுப் பக்கம். 387ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பு இரவில், ஆயர் அம்புரோசியார் இந்தத் தொட்டியில்தான் அகுஸ்தீனாருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். மகன் மனந்திரும்ப வேண்டும் என்று தாய் மோனிக்கா வடித்த பல்லாண்டுக் கண்ணீருக்குப் பதில் கிடைத்தது இங்கே. இப்போது தண்ணீர் இல்லை, ஓவியம் இல்லை, வெறும் கல்தான். மிலானில் மண்டியிட ஓர் இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், எங்கள் தேர்வு இதுவே. கைடிடம் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.

மேலே வந்ததும் கண் பழக நேரம் கொடுங்கள். உள்ளே இருட்டு. ஆலயத்தின் நீளம் 158 மீட்டர், நடுக்கூடத்தின் உயரம் ஏறக்குறைய 45 மீட்டர், தூண்கள் 52. ஆண்டின் வாரங்களுக்கு ஒன்று என்று மக்கள் சொல்வார்கள். வாசலுக்கு அருகே தரையில் ஒரு பித்தளைக் கோடு ஓடுவதைத் தவறவிடாதீர்கள். பிரேரா வானாய்வகத்தார் 1786இல் பதித்த நண்பகல் கோடு அது. தென்புறத்தில் மேலே உள்ள சிறு துளை வழியே விழும் வெயில், உச்சிப்பொழுதில் இந்தக் கோட்டைத் தொடும். பலர் சரியாக 12 மணிக்கு வந்து நின்று ஏமாறுகிறார்கள். மிலானில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் 12க்கு அல்ல. குளிர்காலத்தில் ஏறக்குறைய 12:10க்கும் 12:40க்கும் இடையில். கோடை நேரம் நடப்பில் இருக்கும் மாதங்களில் பெரும்பாலும் 1:20 அளவில். மேகம் இருந்தால் அன்றைக்கு இல்லை.

வலப்புறச் சிறகில் நிற்கும் புனித பர்த்தலமேயுவின் சிலைக்கு முன்னால் அவசரப்படாதீர்கள். மார்க்கோ தாக்ராத்தே 1562இல் செதுக்கியது. தோளில் கிடப்பது துணி என்றுதான் முதலில் தோன்றும். அது அவருடைய உரிக்கப்பட்ட தோல். பின்பக்கம் சுற்றிவந்து பார்த்தால் முகத்தின் தோலும் தொங்குவது தெரியும். குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. இடப்புறச் சிறகில் மாதா பீடத்துக்கு முன்னே ஏழு கிளை வெண்கல விளக்குத்தண்டு இருக்கிறது. ஐந்து மீட்டர் உயரம். அடிப்பகுதியில் விவிலியக் காட்சிகள் அடர்ந்திருக்கும்.

பீடத்துக்கு நேர் மேலே, கூரை வளைவின் உச்சியில், சிறு சிவப்பு விளக்கு ஒன்று எரியும். கைடு சொல்லாவிட்டால் கண்ணில் படாது. அங்கேதான் ஆண்டவரின் சிலுவையில் அறையப்பட்ட ஆணிகளில் ஒன்றாகப் போற்றப்படும் திருப்பண்டம் இருக்கிறது. பார்வைக்கு அது ஆணி போல இராது. குதிரையின் கடிவாள இரும்பு போல இருக்கும். புனித ஹெலெனா அந்த ஆணியைத் தன் மகன் கான்ஸ்டன்டைனின் குதிரைக்குக் கடிவாளமாக்கினார் என்பது மரபு. பேரரசன் தியோதோசியுவின் நினைவுரையில், 395இல், அம்புரோசியாரே இதைச் சொல்லியிருக்கிறார். 1576இல் கொள்ளைநோய் நகரை அழித்தபோது, பேராயர் சார்லஸ் பொரோமேயோ இந்த ஆணியைச் சிலுவையில் பொருத்தி, கழுத்தில் கயிற்றோடு, வெறுங்காலுடன் தெருத்தெருவாகப் பவனி வந்தார். இன்றும் ஆண்டுக்கொரு முறை, திருச்சிலுவை மகிமை விழாவான செப்டம்பர் 14ஐ ஒட்டி, அது கீழே இறக்கப்படுகிறது. பேராயர் 'நிவோலா' என்னும் மேக வடிவ ஏற்றியில் நின்று, தரையிலிருந்து சுமார் 40 மீட்டர் மேலே போய் எடுத்துவருவார். வானதூதர்கள் தீட்டப்பட்ட மேகம் அது. நாள்களைப் பொருத்திக்கொள்ள முடிந்தவர்கள், செப்டம்பர் 8க்கு வந்து அந்த வாரமும் தங்கினால் இரண்டும் கிடைக்கும்.

சார்லஸ் பொரோமேயோவின் உடல் பீடத்தின் அடியில், நிலவறைச் சிற்றாலயத்தில், படிகப் பேழைக்குள் இருக்கிறது. வழிபாட்டு நேரங்களில் அது மூடப்படலாம். வந்தவுடனேயே திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் விழா நவம்பர் 4. அதை ஒட்டி அவர் வாழ்வையும் புதுமைகளையும் காட்டும் மாபெரும் திரை ஓவியங்கள் தூண்களுக்கிடையே தொங்கவிடப்படும். கிறிஸ்து பிறப்புக் காலத்திலும் பார்க்கலாம். கூட்டமும் கோடையைவிடக் குறைவு.

இனி கூரை. படிக்கட்டு என்றால் ஏறக்குறைய 250 படிகள், குறுகலானவை, நடுவில் உட்கார இடமில்லை. முழங்கால் வலியோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் லிஃப்ட் சீட்டே எடுங்கள். ஆனால் ஒன்று: லிஃப்ட் கீழ்த்தளக் கூரையில்தான் விடும். நடுக்கூடத்துக்கு மேலுள்ள உச்சித்தளத்துக்குப் போக, லிஃப்ட்டில் வந்தவரும் படி ஏறியாக வேண்டும். இதைத் தெரியாமல் பெரியவர்களை அழைத்து வந்து பாதியில் உட்காரவைப்பது அடிக்கடி நடக்கிறது. இடி, பனி, பலத்த காற்று என்றால் கூரையை மூடிவிடுவார்கள். மழை விட்டதும் திறந்தாலும் பளிங்கு வழுக்கும். உச்சித்தளம் இருபுறமும் சரிவானது. ரப்பர் அடிச் செருப்போ காலணியோ அவசியம். ஜூலை, ஆகஸ்டில் நிழல் கிடையாது. முதல் நேரச்சீட்டு அல்லது கடைசியை எடுங்கள். முகப்பு மேற்கே பார்க்கிறது. மாலை வெயிலில் அதன் கல் இளஞ்சிவப்பாக மாறும்.

அந்த நிறம் கந்தோலியா பளிங்கின் நிறம். 1386இல் கட்டத் தொடங்கி, மறு ஆண்டே இதற்கென ஒரு பணியகத்தை நிறுவினார்கள். அது இன்றும் இயங்குகிறது. கல் வந்தது வடக்கே மலையிலிருந்து: மஜ்ஜோரே ஏரி, திச்சீனோ ஆறு, பிறகு பெருங்கால்வாய் வழியாகப் படகில், ஆலயத்துக்கு அருகே வெட்டிய குளம் வரைக்கும். சுங்கம் கட்டாமலிருக்கப் பாளங்களில் 'ஆலயப் பணிக்கு' என்பதன் இலத்தீன் சுருக்கமாக ஏ, யு, எஃப் என்ற எழுத்துகளைப் பொறித்தார்கள். இத்தாலியர் இலவசமாக வாங்குவதை 'ஆ ஊஃபோ' என்பது இதிலிருந்துதான் வந்தது என்பார்கள். முகப்பு நிறைவுபெற்றது நெப்போலியன் ஆணைக்குப் பிறகு, 19ஆம் நூற்றாண்டில். கடைசிக் கதவு பொருத்தப்பட்டது 1965இல். முடியாத வேலையை மிலான்காரர்கள் 'துவோமோ வேலை' என்பார்கள். மேலே ஏதாவது ஒரு மூலையில் சாரம் கட்டியிருக்கும். படம் கெட்டுப்போயிற்று என்று வருந்தாதீர்கள். பனியும் புகையும் கல்லை அரிக்கின்றன, உள்ளே இருக்கும் இரும்புப் பிணைப்பு துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளக்கிறது. அதனால் பழுதான துண்டை எடுத்துவிட்டு, அதே மலையின் கல்லில் அதே வடிவைச் செதுக்கிவைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கோபுர முனைகள் 135. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிலை. ஆலயம் முழுதும் சேர்த்தால் 3,400க்கு மேல் சிலைகள். எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். முதலில் கரேல்லி முனையைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் பழையது, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. மேலே புனித ஜார்ஜ். மார்க்கோ கரேல்லி என்ற வணிகர் தன் செல்வம் முழுவதையும் ஆலயத்துக்கு எழுதிவைத்தார். நம் ஊர் வழக்கில் அது அவர் உபயம். அவருடைய கல்லறை கீழே ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. காணிக்கை தந்தவர்களின் வரிசையில், கொடுக்க வேறொன்றும் இல்லாமல் தன் பழைய மேலாடையைக் காணிக்கையாக வைத்த கத்தரீனா என்ற ஏழைப் பெண்ணின் நினைவும் காக்கப்பட்டிருக்கிறது.

பிறகு பக்கவாட்டுத் தாங்கு வளைவுகளின் ஊடே மெல்ல நடங்கள். விளிம்பில் சரிகை போல ஓடும் கல் வேலைப்பாட்டை நெருங்கிப் பாருங்கள். பூவுக்குப் பூ, இலைக்கு இலை மாறும். சதுக்கத்தில் நிற்பவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. கூரைக்கு மக்கள் வந்து சுற்றிப் பார்க்கும் வழக்கத்துக்கு வெகுகாலம் முன்னமே, கல்தச்சர்கள் கடவுள் பார்வைக்கென்றே இந்த இலை நரம்புகளைச் செதுக்கியிருக்கிறார்கள். கூரையும் ஆலயமே என்பது இங்கேதான் புரியும். ஆகவே மேலேயும் குரல் தாழ்த்திப் பேசுவது நல்லது.

உச்சித்தளத்தில் நின்று அண்ணாந்தால் மதொன்னீனா. 1774இல் வைக்கப்பட்ட, பொன் பூசிய செப்புத் தகட்டு மாதா. உயரம் 4.16 மீட்டர், நிற்பது தரைக்கு 108.5 மீட்டர் மேலே. முனைக்கு ஏறப் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. கைகள் விரிந்து, முகம் வானத்தை நோக்கி. அருகில் உள்ள ஈட்டி போன்ற தண்டு இடிதாங்கி. இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்கு அடையாளம் தெரியாமலிருக்க அன்னையைத் துணியால் மூடினார்கள். 1945 மே 6 அன்று கர்தினால் ஷூஸ்டர் முன்னிலையில் அந்தத் துணி அகற்றப்பட்டது. நகரில் எந்தக் கட்டடமும் அன்னைக்கு மேலே உயரக்கூடாது என்பது மரபு. 1960இல் பிரெல்லி கோபுரம் 127 மீட்டருக்கு எழுந்தபோது, அதன் உச்சியில் அன்னையின் சிறிய பிரதி ஒன்றை வைத்தார்கள். அதன்பின் உயர்ந்து எழுந்த சில கோபுரங்களிலும் அப்படியே செய்தார்கள். காற்று தெளிந்த குளிர்கால நாளில், அன்னைக்கு எதிரே வடமேற்கில் மோந்தே ரோசா மலையின் பனிமுடி தெரியும்.

இறங்கியபின் செபிக்க விரும்பினால், அதற்குச் சீட்டு வேண்டாம். திருப்பலிக்கும் செபத்துக்கும் வருபவர்களுக்குத் தனி வாசல் உண்டு, கட்டணம் இல்லை. ஆனால் அங்கிருந்து சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், படமும் எடுக்கக் கூடாது. திருப்பலியில் பங்குகொண்டால் சில இடங்களில் தடுமாறுவீர்கள், ஏனென்றால் இங்கே நடப்பது உரோமை வழிபாட்டு முறை அல்ல, அம்புரோசிய முறை. சமாதானம் பகிர்வது காணிக்கைக்கு முன்பே வந்துவிடும். திருவருகைக் காலம் நான்கு வாரமல்ல, ஆறு. தவக்காலம் ஞாயிறன்று தொடங்கும். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூச வந்தால் இங்கே கிடைக்காது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் திருப்பலியே இல்லை. அந்த நாள்களில் பயணம் வைப்பவர்கள், வியாழன் மாலைத் திருப்பலிக்கு வந்துவிடுங்கள்.